ஒரே நாற்காலியில் மூன்று பேர்

மேசையைச் சுற்றி நான்கைந்து பேர் உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் ஆட்டத்தில் எழுதப்படாத ஒப்பந்தம் ஒன்று உண்டு: ஒரு நாற்காலிக்கு ஒரு பாத்திரம். 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் வெளியிட்ட 'டஞ்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' தொடங்கி, இவ்வகை ஆட்டங்கள் பெரும்பாலும் அப்படித்தான் அமைந்திருக்கின்றன. நடத்துநர் ஒருவர் அந்த உலகத்தின் குரலாக இருப்பார். மற்ற ஒவ்வொருவரும் அதில் நடமாடும் ஓர் ஆளின் குரலாக இருப்பார்கள். இப்படிப்பட்ட மேசைக்கு ஒருவர் வந்து, "என் பாத்திரத்துக்குள் மூன்று பேர் குடியிருக்கிறார்கள்" என்றால் என்ன செய்வது? மூன்று பேருக்கும் தனித்தனித் திறமை கொடுத்தால் பக்கத்தில் இருப்பவர் ஏமாந்துபோவார். கொடுக்காவிட்டால் மூன்று பேர் என்பது வெறும் குரல் மாற்றமாகச் சுருங்கிவிடும்.

ஐம்பது ஆண்டுகளில் இந்தச் சிக்கலுக்குப் பல தீர்வுகள் வந்திருக்கின்றன. அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்தால், சரியான திசைக்கு அவை மெல்ல மெல்லத்தான் வந்து சேர்ந்தன என்று தெரிகிறது. மலாக்காவின் தோட்டத்துக் கோயில் திருவிழாக்களைப் பார்த்து வளர்ந்த நம்மவர்களுக்கு அந்தத் திசை புதியதன்று.

முதலில் வந்தது விலை போடும் வழி. 1981இல் வந்த 'சாம்பியன்ஸ்' ஆட்டத்திலிருந்து வளர்ந்த ஹீரோ முறையில் பாத்திரத்தைப் புள்ளிகளால் கட்டுவார்கள். இன்னோர் ஆளாக மாறும் ஆற்றல் வேண்டுமென்றால், அந்த இன்னோர் ஆளைக் கட்ட ஆகும் புள்ளியில் ஐந்தில் ஒரு பங்கு செலவு. 300 புள்ளி பெறும் ஆளுக்கு 60 புள்ளி கொடுத்தால் போதும். ஒரு நேரத்தில் ஒருவர்தான் வெளியே இருக்க முடியும், ஆகவே முழு விலை கேட்பது நியாயமில்லை என்பது இதன் தர்க்கம். 1986இல் ஸ்டீவ் ஜாக்சன் வெளியிட்ட 'கர்ப்ஸ்' முறை நேர் எதிராக நிற்கிறது. அங்கே பிளந்த ஆளுமை ஒரு குறை. அதை ஏற்பவருக்குப் புள்ளி திருப்பித் தரப்படும். நெருக்கடியில் தன்னடக்கத்துக்கான பகடை தவறினால் உள்ளே இருக்கும் இன்னொருவர் வெளியே வந்துவிடுவார்.

ஒரே விஷயத்துக்கு ஒரு முறை காசு கேட்கிறது, மற்றொன்று காசு கொடுக்கிறது. இந்த முரணைப் பற்றி நான் வெகுநேரம் யோசித்திருக்கிறேன். வேறுபாடு சாவி யாரிடம் இருக்கிறது என்பதில்தான். முதல் முறையில் எப்போது மாறுவது என்பதை ஆடுபவரே பெரும்பாலும் முடிவு செய்கிறார். பூட்டைத் திறக்க ஒருவன், சண்டைக்கு ஒருவன், பேரம் பேச ஒருவன் என்று தேவைக்கேற்ப எடுத்துவிட முடிந்தால் அவர் ஒருவரே ஒரு குழு. அதற்கு ஐந்தில் ஒரு பங்கு மிக மலிவு. இரண்டாவது முறையில் சாவி பகடையிடம் இருக்கிறது. பேரம் பேச வேண்டிய இடத்தில் சண்டைக்காரன் வந்து நிற்கலாம். அது உண்மையிலேயே சுமை. சாவி யார் கையில் என்று கேட்காமல் 'மூன்று ஆளுமைக்கு எத்தனை புள்ளி' என்று கேட்பதில் பயனில்லை.

பூட்டுப் போடும் வழியும் ஒன்று உண்டு. 'பாத்ஃபைண்டர்' ஆட்டத்தில் 2016இல் சேர்ந்த 'விஜிலாண்டி' என்ற வகைப் பாத்திரத்துக்கு இரண்டு அடையாளங்கள்: ஊரார் அறிந்த முகம் ஒன்று, இரவில் நீதி கேட்கும் முகம் ஒன்று. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற ஒரு நிமிடம் ஆகும். அந்த ஆட்டத்தில் சண்டையின் ஒரு சுற்று 6 விநாடி. அதாவது மாறி முடிப்பதற்குள் பத்துச் சுற்று ஓடிவிடும். சண்டை நடுவில் ஆள் மாற்றும் தந்திரம் ஒரே விதியில் அடைபட்டது. எளிய விதி, நல்ல விதி. ஆனால் இது ஒப்பனை மாற்றுபவனுக்குப் பொருந்தும். தான் மாறுவதையே அறியாதவனுக்குப் பொருந்தாது.

பகடையை நம்புபவர்கள் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். இருபது முகப் பகடையில் 4 அல்லது அதற்குக் கீழே விழுந்தால் ஆள் மாறும் என்று வைத்தால், ஒரு முறைக்கு 20 விழுக்காடு வாய்ப்பு. கேட்கும்போது குறைவாகத் தெரியும். ஐந்து முறை உருட்டினால் ஒரு தடவையாவது மாறும் வாய்ப்பு 67 விழுக்காடு. பத்து முறைக்கு 89. ஒவ்வோர் அமர்விலும் அநேகமாக ஆள் மாறிக்கொண்டே இருப்பார், அதுவும் கதைக்குச் சம்பந்தமில்லாத இடத்தில். 1 விழுந்தால் மட்டும் என்று இறுக்கினால் பத்து உருட்டலுக்கு 40 விழுக்காடு. அப்போது சில வாரங்கள் ஒன்றுமே நடக்காது. பகடைக்குக் கதை தெரியாது.

புள்ளியையும் பகடையையும் விடப் பெரிய செலவு நேரம். மூன்று மணி நேர ஆட்டத்தில் நான்கு பேர் ஆடுகிறார்கள், நடத்துநர் மூன்றில் ஒரு பங்கு பேசுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மீதி 120 நிமிடம். ஆளுக்கு 30. மூன்று ஆளுமைகள் கொண்ட பாத்திரமும் அந்த 30 நிமிடத்துக்குள்தான் வாழ வேண்டும். நடப்பதோ வேறு. மூன்று பேருக்கும் தலா அரை மணி கேட்கிறார், அவர்கள் தங்களுக்குள் போடும் சண்டைக்கு இன்னும் கொஞ்சம் கேட்கிறார். மற்ற மூவரும் கைபேசியைப் பார்க்கத் தொடங்குகிறார்கள். இவ்வகைப் பாத்திரம் ஆட்டத்தைக் கெடுக்கிறது என்ற பெயர் வந்ததற்கு இதுவே முதல் காரணம் என்பேன்.

இனி தோட்டத்துக் கோயிலுக்கு வருவோம். டான் சே யான் 1896இல் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டார். அடுத்துப் புக்கிட் அசகான். மலாயாவின் ரப்பர்த் தோட்ட வரலாறு தொடங்கியதே இங்குதான். கித்தாக் காட்டுக்குத் தமிழர்கள் வந்தார்கள், லயங்கள் எழுந்தன, லயத்தின் ஓரத்தில் மாரியம்மனும் முனியாண்டியும் மதுரை வீரனும் காளியும் வந்து உட்கார்ந்தார்கள். ஆண்டுத் திருவிழாவில் உறுமியும் உடுக்கையும் ஏறும்போது ஒருவருக்கு அருள் வரும். ஒரே ஆளுக்கு ஒரே இரவில் ஒன்றுக்கு மேற்பட்ட தெய்வங்கள் இறங்குவதும் உண்டு.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். அருள் வந்தவரை நடிகர் என்று நான் சொல்லவில்லை. அது வழிபாடு. அதை மேசையில் ஆடிக்காட்டுவதை நான் விரும்பவும் மாட்டேன். ஓர் உடலில் பலர் வந்து போவதை ஒரு சமூகம் எப்படி ஒழுங்கோடு தாங்கிக்கொண்டது என்பதுதான் நமக்கு இங்கே பாடம்.

வந்திருப்பது யார் என்பதை அங்கே யாரும் ஊகத்துக்கு விடுவதில்லை. பூசாரி நேராகவே கேட்பார். சுருட்டும் சாட்டையும் கேட்டால் ஒருவர், வேப்பிலையைப் பிடித்தால் ஒருவர். நடையும் குரலும் மாறும். கூட்டத்துக்குச் சில நொடிகளில் புரிந்துவிடும். வந்தவருக்கு எல்லை உண்டு. காவல் தெய்வத்திடம் காவலைப் பற்றிக் கேட்பார்கள், அம்மனிடம் பிள்ளைக்குப் போட்டிருக்கும் அம்மையைப் பற்றிக் கேட்பார்கள். முறை தவறி ஒருவருக்கு அருள் வந்தால் பெரியவர்கள் திருநீறு பூசி அமர்த்துவார்கள். நேரமானதும் கற்பூரம் ஏற்றி மலையேறச் செய்வார்கள். உடல் மட்டும் ஒன்றே. இரவு முழுக்க ஆடிய கால்களோடுதான் அவர் மறுநாள் விடியலில் பெரட்டு என்ற ஆள்கணக்கெடுப்புக்குப் போய், மேற்பார்வை பார்க்கும் தண்டலின் முன்னால் நிற்க வேண்டும்.

அழைப்பது உடுக்கை, அடையாளம் கேட்பது பூசாரி, பதில் சொல்வது கூட்டம், அனுப்பிவைப்பது கற்பூரம். ஆடுபவரின் கையில் சாவி இல்லை. சுற்றி நிற்பவர்களிடம் இருக்கிறது. அதனால்தான் ஒருவருக்குள் மூன்று தெய்வங்கள் வந்தாலும் திருவிழா அவர் ஒருவருடையதாக ஆகிவிடுவதில்லை.

மேசை ஆட்டங்கள் இந்த இடத்துக்கு 1990களில் வந்து சேர்ந்தன. 1994இல் வெளியான 'ரெய்த்: தி ஒப்லிவியன்' ஆட்டத்தில் ஒவ்வொரு பாத்திரமும் இறந்துபோன ஓர் ஆவி. அதற்குள்ளே அதை அழிக்கப் பார்க்கும் நிழல் ஒன்று இருக்கும். அந்த நிழலுக்குக் குரல் கொடுப்பவர் இன்னோர் ஆட்டக்காரர். தோற்கப்போகும் நேரத்தில் அவர் சாய்ந்து, "கூடுதல் பகடை தருகிறேன், எடுத்துக்கொள்" என்று ஆசை காட்டுவார். எடுத்தால் நிழல் வலுக்கும். ஒரு பாத்திரத்தின் இரண்டாம் மனம் இன்னொருவர் பேசும் வாய்ப்பாக மாறுகிறது. யாருடைய நேரமும் பறிபோகவில்லை. இவ்வளவு நேர்த்தியான தீர்வை நான் வேறு அதிகம் பார்த்ததில்லை. இதற்குக் கேட்கும் விலையும் சிறியதன்று: பக்கத்தில் இருப்பவர்மேல் முழு நம்பிக்கை வேண்டும்.

'எவ்ரிஒன் இஸ் ஜான்' என்ற சிறு ஆட்டம் இன்னும் ஓர் அடி போகிறது. மின்னியாபோலிஸ் நகரத்தில் ஜான் என்று ஒருவன். நடத்துநரைத் தவிர மேசையில் உள்ள எல்லாரும் அவன் தலைக்குள் கேட்கும் குரல்கள். மன உறுதிப் புள்ளிகளை ஏலத்தில் வைத்து, அதிகம் கேட்டவர் அவன் உடலை எடுத்துக்கொள்கிறார். அவன் அடிபட்டாலோ தூங்கிவிட்டாலோ மறுபடி ஏலம். 2017இல் வந்த 'புளூபியர்ட்ஸ் பிரைட்' ஆட்டத்தில் எல்லாரும் ஒரே மணப்பெண்ணின் உள்மனக் கூறுகள். மோதிரம் யார் கையில் இருக்கிறதோ அவருக்குத்தான் அவள் உடல். பயம் மிகுந்தால் மோதிரம் கைமாறும். இரண்டிலும் ஏற்றத்தாழ்வு என்ற சிக்கலே எழவில்லை, ஏனென்றால் பாத்திரம் எல்லாருக்கும் சொந்தம்.

நோயைப் பற்றிப் பேசாமல் இந்த ஆய்வு முடியாது. 1979இல் வந்த டஞ்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் நடத்துநர் கையேட்டில் இருபது வகைப் பித்துகளின் பட்டியல் இருந்தது. அதில் மனச்சிதைவு நோயைப் பல ஆளுமை என்று விளக்கியிருந்தார்கள். அது தவறு, இரண்டும் வேறு வேறு. அதே குழப்பத்தைத் தமிழ்ப் பத்திரிகைகளிலும் மேடைப் பேச்சுகளிலும் இன்றும் காண்கிறேன். 1991இல் வந்த 'வேம்பயர்: தி மாஸ்கரேட்' ஆட்டத்தில் மால்கேவியன் என்ற குலத்தார் எல்லாருக்கும் மனநோய் உண்டு என்பது விதி. பலர் அதைக் கோமாளித்தனத்துக்கு உரிமமாக எடுத்துக்கொண்டார்கள். நோயோடு வாழும் ஒருவர் அந்த மேசையில் உட்கார்ந்திருந்தால் அவருக்கு எப்படி இருந்திருக்கும்?

நமக்குப் படிமத்தைக் கொடுத்தது சினிமா. 2005ஆம் ஆண்டு ஒன்றிலேயே இரண்டு படங்கள் வந்தன. ஏப்ரலில் 'சந்திரமுகி', ஜூனில் ஷங்கர் இயக்கிய 'அந்நியன்'. விக்ரம் அம்பியாகவும் ரெமோவாகவும் அந்நியனாகவும் நொடிக்கு நொடி மாறும் விசாரணைக் காட்சியைப் பார்க்காத மலேசியத் தமிழ் இளைஞர் அரிது. பல ஆளுமைப் பாத்திரம் செய்யச் சொன்னால் முதலில் அதுதான் நாக்கில் வரும்: சாது ஒருவன், காதலன் ஒருவன், கொலைகாரன் ஒருவன். நடிப்பு அபாரம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் மேசைக்கு அது மோசமான வார்ப்பு. கொலைகாரன் வெளியே வரும்போதெல்லாம் மற்றவர்களின் கதை நின்றுபோகிறது. அதைவிட முக்கியமானது, இந்த நிலையில் உள்ளவர்கள் பிறருக்கு ஆபத்தானவர்கள் என்ற எண்ணம் அவர்களுக்குப் பெரும் தீங்கு செய்கிறது.

அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு 1980இல் பல ஆளுமைக் கோளாறு என்று பட்டியலிட்டதை 1994இல் பெயர் மாற்றி, ஓர் ஆளின் அடையாளம் சேராமல் சிதறிக் கிடப்பதாக விளக்கியது. 2013 பதிப்பு, வேறொருவர் உடலில் இறங்கியதாகத் தோன்றும் வகையையும் அதில் சேர்த்தது. கூடவே, ஒரு சமூகம் ஏற்றுக்கொண்ட சமய வழக்கத்தின் பகுதியாக நிகழ்வது கோளாறு ஆகாது என்றும் வரையறுத்தது. தோட்டத்துக் கோயிலில் அருள் வருவது நோயில்லை என்பதை மருத்துவமே இப்படி ஒப்புக்கொள்கிறது. சிறு வயதில் தொடர்ந்து பட்ட கொடுமையே இக்கோளாற்றுக்கு அடிப்படை என்று பெரும்பாலான மருத்துவர்கள் கருதுகிறார்கள். அதை மறுப்பவர்களும் உண்டு.

குரலைப் பற்றி ஒரு சொல். ஆள் மாறியது மேசைக்கு உடனே தெரிய வேண்டும், ஆனால் கேலியாக இருக்கக் கூடாது. கதாகாலட்சேபம் செய்பவர் தலையை ஒரு பக்கம் திருப்பித் தாயாவார், மறுபக்கம் திருப்பி மகனாவார். தெருக்கூத்தின் கட்டியக்காரன் அதே வேடத்தோடு தூதனாகவும் குடிமகனாகவும் ஆகிவிடுவான். மலாக்காவில் நமக்கு இன்னொரு வசதியும் இருக்கிறது. காலையில் தண்டலிடம் தமிழ், கடையில் ஹொக்கியன் கலந்த பேச்சு, கம்பத்து நண்பரிடம் மலாய். காஜா பேராங்கில் வாழும் மலாக்கா செட்டிகள் வீட்டில் மலாய் பேசிக்கொண்டே மாரியம்மனுக்கு விளக்கேற்றுகிறார்கள். இவையெல்லாம் பல ஆளுமை ஆகா. முழு மனிதர்களின் இயல்பான வாழ்க்கை. ஆனால் உள்ளே இருக்கும் மூவரையும் தொண்டையை மாற்றாமலே பிரித்துக்காட்ட இவை போதும். ஒருவன் எல்லாரையும் "அண்ணே" என்று அழைக்கட்டும், ஒருவன் "நீங்க" போட்டுத் தள்ளி நிற்கட்டும், ஒருவன் கண்ணில் பட்ட பெரியவரையெல்லாம் "மாமா" என்னட்டும். வாயைத் திறந்த மறுகணம் யாரென்று தெரிந்துவிடும்.

இவ்வளவையும் வைத்து ஒரு பாத்திரத்தைக் கட்டிப் பார்க்கிறேன். கதை நடக்கும் நாள் 20 பிப்ரவரி 1956. மலாக்கா பண்டார் ஹிலிர் திடலில் துங்கு அப்துல் ரஹ்மான் மலாயாவின் சுதந்திர நாளை அறிவிக்கப்போகிறார். ஜாசின் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து நான்கு பேர் திடலுக்குப் புறப்படுகிறார்கள். அதில் ஒருவனுக்கு வயது 22. ஒன்பது வயதில், 1943இல், அப்பாவோடு ஜப்பானியர்களால் சயாம் ரயில்பாதை வேலைக்கு அள்ளிச் செல்லப்பட்டவன், தனியாகத் திரும்பியவன். அவனுக்குள் மூன்று பேர். விடியலில் பால் வெட்டும் தொழிலாளி ஒருவன். மரத்தையும் காட்டுப் பாதையையும் அறிந்தவன், அந்நியரிடம் வாய் திறக்கமாட்டான். பட்டணத்துக்காரன் ஒருவன், மலாயில் சரளமாகப் பேரம் பேசுவான், காட்டில் பத்தடி நடந்தால் வழி தவறிவிடுவான். மூன்றாமவன் ஒன்பது வயதுப் பையன். அவனுக்குத் திறமை என்று எதுவும் வேண்டாம். சயாமில் நடந்ததை அறிந்தவன் அவன் ஒருவனே.

திறமைப் புள்ளிகள் மற்றவர்களுக்கு எத்தனையோ அத்தனையே. அதை மூவரும் பங்கிட்டுக்கொள்கிறார்கள். உடல் வலு ஒன்றே. தொழிலாளிக்குக் காய்ச்சல் என்றால் பட்டணத்துக்காரனுக்கும் காய்ச்சல். சாவியோ மற்ற மூன்று ஆட்டக்காரர்களின் கையில், ஆளுக்கோர் ஆளுமையின் அட்டையாக. ஓர் அமர்வில் ஓர் அட்டையை ஒரு முறைதான் போடலாம். ஆடுபவர் மாற்றம் கேட்கலாம், தானாக எடுத்துக்கொள்ள முடியாது. மறதியின் பலனும் மற்றவர்களுக்கே போக வேண்டும். நேற்றுச் சந்தையில் என்ன பேசினான் என்று தொழிலாளிக்குத் தெரியாது, நால்வரில் ஒருத்தியாகக் கூட வந்த அவன் தங்கைக்குத் தெரியும். அவளிடம் கேட்டால்தான் கதை நகரும். அந்த ஒரு விதியால் தங்கையை ஆடுபவருக்குக் கிடைக்கும் இடம் பெரியது.

பையனின் அட்டையை மட்டும் இடத்தோடு கட்டிவிட வேண்டும்: ரயில் கூவல் கேட்கும் இடத்தில்தான் அதைப் போடலாம். தம்பினிலிருந்து மலாக்காப் பட்டணத்துக்கு ஒரு கிளை ரயில்பாதை இருந்தது. ஜப்பானியர்கள் அந்தத் தண்டவாளங்களைப் பெயர்த்து சயாம் பாதைக்குக் கொண்டுபோனார்கள். பிறகு அது திரும்பப் போடப்படவே இல்லை. அவனை அழைத்துச்சென்ற இரும்பு மலாக்காவின் இரும்பு. ஆகவே பட்டணத்தில் அவன் வெளியே வர ரயில் சத்தம் கிடையாது. தம்பின் பக்கம் போனால்தான் கூவல் கேட்கும். தம்பினுக்குப் போவதா இல்லையா என்பதைக் குழு முழுவதும் சேர்ந்து முடிவு செய்யும். அங்கே போவதற்குமுன் நடத்துநர் ஆட்டத்தை நிறுத்தி, இதைத் தொடரலாமா என்று எல்லாரையும் கேட்க வேண்டும். அந்த மேசையில் சயாமுக்குப் போய்த் திரும்பாத தாத்தாவின் பேரன் இருக்கக்கூடும். 2013இல் ஜான் ஸ்டாவ்ரோபௌலோஸ் அறிமுகப்படுத்திய எக்ஸ் அட்டையை மேசை நடுவில் வைத்துவிட்டால், யாரும் காரணம் சொல்லாமலே அதைத் தொட்டு ஒரு காட்சியை நிறுத்தலாம்.

கடைசியில் மூவரும் ஒருவராக வேண்டுமா என்பது மிச்சமிருக்கும் கேள்வி. பலரும் அதைக் கதையின் வெற்றியாக நினைக்கிறார்கள். சினிமா அப்படிப் பழக்கிவிட்டது. ஆனால் சிகிச்சையில் இணைப்பு ஒன்றே இலக்கு என்று இல்லை. உள்ளே இருப்பவர்கள் ஒருவரையொருவர் அறிந்து ஒத்துழைத்து வாழ்வதையே சிலர் தேர்ந்துகொள்கிறார்கள், அதுவும் ஏற்கத்தக்க முடிவாகவே கருதப்படுகிறது. மேசையில் இந்த முடிவை மட்டும் பாத்திரத்தை ஆடுபவரிடம் விட்டுவிடலாம் என்று நினைக்கிறேன். வாரக்கணக்கில் சாவியை மற்றவர்களிடம் கொடுத்து உட்கார்ந்திருந்தவர் அவர். திடலில் துங்கு பேசி முடித்துக் கூட்டம் கலையும்போது, தோட்டத்து லாரியில் ஏறி ஊர் திரும்புவது தொழிலாளியா, பட்டணத்துக்காரனா, பையனா, மூவருமா என்பதை அவர் சொல்லட்டும்.